திருமலையின் வரைபடம் யார் கையில்?

நல்ல பட்டினம் தானாக அமைவதில்லை. வீதியின் அகலம் எவ்வளவு, மாரி வெள்ளம் எவ்வழியே கடலைச் சேர்வது, தொழிற்சாலை எங்கே, வயல் எங்கே என்பனவற்றைச் சட்டம் வரையறுக்க வேண்டும். இல்லையேல் பணம் படைத்தவன் கட்டியதே பட்டினமாகிவிடும். ஆகவே, நகரமைப்பில் அரசாங்கம் தலையிடுவதை நாம் எதிர்க்கவில்லை. எம்முறையில் தலையிடுகிறது என்பதே நம் கேள்வி.

இலங்கையில் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. 1946இல் நகர, நாட்டுப்புற அமைப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. 1978இல் வந்த 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகாரசபையைப் படைத்தது. அமைச்சர் ஓரிடத்தை நகர அபிவிருத்திப் பகுதியென வர்த்தமானியில் பிரகடனஞ் செய்துவிட்டால், அங்கே அனுமதியின்றி எவரும் கட்டிடம் எழுப்பலாகாது. கடிவாளம் கொழும்பில் இருக்கிறது. கிழக்கு மாகாணசபையோ 2017இல் ஆயுள் முடிந்தபின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கிடந்தது.

அதே 2017இல், திருமலைக்குப் பெருந்திட்டம் வரையும் பணி சிங்கப்பூரின் சுர்பானா ஜூரோங் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. சிங்கப்பூரிடம் கற்பது நன்றே. அந்நாட்டில் பெருந்திட்டம் ஐந்தாண்டுக்கொரு முறை மீளாராயப்படுகிறது. அதன் நகல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்தம் கருத்துக் கேட்கப்படுகிறது. படம் வரைபவரை மட்டும் அழைத்தால் போதுமா? அந்த வழக்கத்தையும் அழைத்துவர வேண்டாமா?

சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பங்கிட்டு 2022இல் ஒப்பந்தமாயிற்று. 2025இல் இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் திருமலையை எரிசக்தி மையமாக்க இணக்கங்கண்டன. நன்று. ஆனால் எண்ணெய் வண்டிகள் எவ்வீதியில் ஓடும்? தொழிலாளர் எங்கே குடியிருப்பர்? குடிநீர் எங்கிருந்து வரும்? இவற்றுக்கு விடை சொல்லாத மையம், பட்டினத்தின் கழுத்தில் கட்டிய கல்லாகும்.

2025இல் முத்துநகர் விவசாயிகள், தம் வயல்கள் சூரிய மின்னுற்பத்திக்கு வழங்கப்பட்டதை எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தனர். அது துறைமுக அதிகாரசபையின் காணி என்றனர் ஆட்சியாளர். பத்திரத்தில் எவர் பெயர் இருப்பினும், அம்மண்ணில் நெல் விளைந்தது உண்மையன்றோ? வயலை வயலென்று குறித்து, ஊரறிய வைக்கப்பட்ட வரைபடமொன்று சட்டபலத்துடன் இருக்குமாயின், உழவன் வீதிக்கு வருமுன் வழக்கு மேசைக்கு வந்திருக்கும்.

நாம் கேட்பது மூன்று. திட்டத்தின் நகல் தமிழிலும் சிங்களத்திலும் கச்சேரியிலும் உள்ளூராட்சி மன்றத்திலும் கிராம அலுவலரிடத்தும் வைக்கப்பட வேண்டும். ஆட்சேபத்துக்கு எழுத்தில் விடை வேண்டும். மதில் கட்டும் ஏழையைக் கட்டுப்படுத்தும் விதி, துறைமுகத்தையும் படையையும் திணைக்களங்களையும் கட்டுப்படுத்த வேண்டும்.

நம்மவர்க்கும் கடமையுண்டு. பொறியியலாளரும் நில அளவையாளரும் சட்டத்தரணிகளும் கமக்காரரின் பக்கத்தமர்ந்து வரைபடத்தை வாசித்துக் காட்டட்டும். கோடு விழுந்தபின் அழுது பயனில்லை. கோடு கீறும் வேளையிலேயே நம் குரல் கேட்க வேண்டும்.