குணாவா... டெவில்ஸ் கிச்சனா?

கொடைக்கானல்ல ஒரு குகை. வெள்ளைக்காரன் வெச்ச பேர் 'டெவில்ஸ் கிச்சன்'. 1991-ல கமலோட 'குணா' வந்தப்புறம் அது 'குணா குகை' ஆயிடுச்சு. 2024 பிப்ரவரியில 'மஞ்சும்மல் பாய்ஸ்' ரிலீஸானதும் கேரளாவுல இருந்தும் அதே பேரைச் சொல்லிக்கிட்டு கூட்டம் வந்துச்சு. இப்ப உங்க டூரிஸ்ட் வெப்சைட்ல 'டெவில்ஸ் கிச்சன்'னு மட்டும் எழுதி வெச்சிருந்தா? கூகுள்ல 'குணா'ன்னு தட்டுறவன் உங்க வாசலைத் தாண்டிப் பக்கத்து கடைக்குப் போயிடுவான். கீவேர்ட் மேட்டர் மொத்தமும் இவ்வளவுதான் பாஸ்!

குகையை விடுங்க, பூண்டுக்கு வருவோம். பூம்பாறையில அப்பா விளைவிக்கிற மலைப்பூண்டை நேரடியா விக்க, மகன் ஒரு சைட் ஆரம்பிக்கிறார்னு வைங்க. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. சரக்கு சூப்பர். ஆனா சைட் அஞ்சாவது பக்கத்துல கிடக்குது. யாரு அங்க வரைக்கும் போறா? நடுவுல இருக்கிற வியாபாரி கேட்ட விலைக்கே மூட்டையைக் கொடுக்கணும்.

முதல் வேலை, உளவு! திருட்டு இல்லீங்க, எல்லாம் வெளிப்படையா இருக்கிறதுதான். முதல் பக்கத்துல வர்ற போட்டி சைட்டைத் திறந்து கன்ட்ரோல் + யூ தட்டுங்க. டைட்டில்ல என்ன வார்த்தை, தலைப்புகள்ல என்ன வார்த்தைன்னு நோட் பண்ணுங்க. அங்கேயே 'மெட்டா கீவேர்ட்ஸ்'னு ஒரு நீளமான லிஸ்ட் இருந்தா, அதைக் காப்பி அடிச்சு ஏமாறாதீங்க. ரேங்க்குக்கு அதைப் பார்க்கிறதே இல்லைன்னு கூகுள் 2009-லயே சொல்லிடுச்சு.

அடுத்தது கூகுளோட கீவேர்ட் பிளானர். போட்டியாளரோட முகவரியைப் போட்டாலே, அதுக்குப் பொருத்தமான தேடல் வார்த்தைகளைக் கொட்டும். செலவு பண்ணி விளம்பரம் போடாதவங்களுக்குத் தேடல் எண்ணிக்கை தோராயமாத்தான் தெரியும். பரவாயில்லை, ஆரம்பத்துக்கு அது போதும்.

இங்கதான் நிறையப் பேர் கோட்டை விடுறாங்க. 'பூண்டு பயன்கள்'னு தேடுறவங்க எக்கச்சக்கம்னு அது பின்னாடியே ஓடுவாங்க. அவங்க படிச்சிட்டுப் போயிடுவாங்க, வாங்க மாட்டாங்க. 'மலைப்பூண்டு ஒரு கிலோ விலை'ன்னு தேடுறவன் பத்தே பேர்னாலும் பர்ஸோட வர்றான். பெரிய கம்பெனிகளும் இந்த மாதிரி நீளமான வார்த்தைகளை அவ்வளவா கண்டுக்காது. என்னைக் கேட்டா, சின்ன சைட்டுக்கு இதுதான் வழி. இன்னொண்ணு, நம்ம ஆளுங்க தமிழைத் தமிழ்லயும் தட்டுவாங்க, இங்கிலீஷ் எழுத்துலயும் தட்டுவாங்க. ரெண்டையும் பாருங்க.

போட்டியாளர் பயன்படுத்துற எல்லா வார்த்தையும் நமக்கு ஆகாது. வேற ஊர்ப் பூண்டை வாங்கி வெச்சுக்கிட்டு 'கொடைக்கானல் மலைப்பூண்டு'ன்னு போட்டா, அது கீவேர்ட் இல்லை, மோசடி. சட்டப்படியும் மாட்டிக்குவீங்க. ஒரே வார்த்தையைப் பக்கம் முழுக்கத் திணிச்சாலும் கூகுள் கீழே தள்ளிடும்.

ரெண்டு மாசம் கழிச்சு கூகுள் சர்ச் கன்சோலைத் திறந்து பாருங்க. எந்த வார்த்தையைத் தட்டினப்ப உங்க சைட் தெரிஞ்சுது, எத்தனை பேர் கிளிக் பண்ணாங்கன்னு காசில்லாமச் சொல்லும். அதுக்கு முன்னாடி அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, 'வாங்க வர்றவங்க முதல்ல என்னப்பா கேப்பாங்க?'ன்னு விசாரிச்சு, அவர் சொல்றதை அப்படியே எழுதி வெச்சுக்கங்க. எந்த டூல்லயும் வராத நாலு வார்த்தை அதுல இருக்கும்.