ஊசி மட்டும் போதாது
ஆரல்வாய்மொழியில எங்க அக்கா மகனுக்கு மூளை முடக்குவாதம். விறைத்த காலைத் தளர்த்த போட்டாக்ஸ் ஊசி போடலாமான்னு கேக்கா. வசதியுள்ளவர்கள் முகச்சுருக்கத்துக்குப் போடும் அதே மருந்துதான். போடலாம். ஆனால் தளர்வு மூன்று, நான்கு மாதமே நிற்கும். அதற்குள் தினமும் பயிற்சி இல்லையென்றால் பலனில் பெரும்பகுதி வீண்.

செங்கல் சூளைக்குப் போறவ பயிற்சிக்கு பஸ் ஏறினா அன்னைக்குக் கூலி இல்லை. 'முன்வினை' என்கிறது ஊர். 'தாய்க்கு அக்கறை இல்லை' என்கிறது ஆஸ்பத்திரி. ரெண்டும் பழியை அவ தலையிலதான் வைக்குது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, வருமான வரம்புக்குட்பட்டு, அருகிலேயே இலவச மருத்துவம் என்கிறது. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே இயன்முறைச் சிகிச்சை என்கிறது.

தோழர்களே, ஊசியைக் கேட்கும்போதே பயிற்சியாளரையும் சேரி வாசலுக்குக் கேட்போம். கருணையாக அல்ல, சட்டப்படி.