கரையைக் கடந்த பிறகுதான் செய்தி

"புயல் கரையைக் கடந்தது" என்றதும் தொலைக்காட்சிக்காரர்களுக்கு வேலை முடிந்துவிடுகிறது. நமக்கு அப்போதுதான் ஆரம்பம்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் நம் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 48 செ.மீ. மழை. ஆனால் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது அன்றைக்கு இல்லை. டிசம்பர் 2-ல் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டு, தென்பெண்ணை பெருகிய பிறகு.

எந்த அணை திறந்தார்கள், எந்த ஏரி நிரம்பியது, தண்ணீர் எத்தனை மணிக்கு எந்த ஊருக்கு வரும், எந்தத் தெருவுக்கு எப்போது மின்சாரம் திரும்பும்? இதைச் சொன்னால்தான் அது உள்ளூர்ச் செய்தி. மாடு கன்றை அவிழ்க்கவும், பாயைச் சுருட்டவும் நேரம் கிடைக்கும்.

அலையைக் காட்ட இவர்கள் எதற்கு? கடல் நமக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது!