வேகம் மட்டுமே அளவுகோலா?

பழைய போர் விமானங்களைத் திருத்தியமைத்துப் பந்தயத்தில் பறக்கவிடும் அமெரிக்க மரபைப் பற்றி எழுதும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே வினாவில் நின்றுவிடுகின்றனர்: மஸ்டாங்கின் மெர்லின் எஞ்சின் சிறந்ததா, பெருவட்ட ரேடியல் எஞ்சின் சிறந்ததா? இவ்வினாவே பிழையானது என்கிறோம் நாம். 1964 முதல் 2023 வரை நெவாடா மாநிலத்து ரீனோவில் நடைபெற்ற பந்தயங்கள் கற்பிக்கும் பாடம் வேறு.

இரு நெறிகளையும் முதலில் உரிய மதிப்போடு நோக்குவோம். பி-51 மஸ்டாங்கின் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர் கொள்ளளவு மட்டுமே உடையது. எனவே அந்நெறியினர் காற்றின் தடையைக் குறைக்கின்றனர்: இறக்கை நுனிகளை வெட்டுகின்றனர், விமானி அமரும் கண்ணாடிக் கூண்டைச் சிறிதாக்குகின்றனர், உடலை இழைத்து வழவழப்பாக்குகின்றனர். அதன்பின் எஞ்சினுக்குள் செலுத்தும் காற்றின் அழுத்தத்தைப் போர்க்கால அளவினும் வெகுவாக உயர்த்தி, நீரும் மெத்தனாலும் கலந்து பாய்ச்சி, 3,000 குதிரைத்திறனுக்கு மேல் கறக்கின்றனர். மறு நெறியினர் எஞ்சினையே மாற்றுகின்றனர். 'ரேர் பேர்' என்னும் பேர்கேட் விமானம், தனக்குரிய 46 லிட்டர் எஞ்சினை விடுத்து 55 லிட்டர் ரைட் எஞ்சினை ஏற்றது. 'டிரெட்நாட்' என்னும் சீ ஃப்யூரி, 28 சிலிண்டர்களும் 71.5 லிட்டரும் கொண்ட பூதத்தைச் சுமந்து, களம்கண்ட 1983ஆம் ஆண்டிலேயே வென்றது.

முடிவு யாது? 1989இல் ரேர் பேர் மூன்று கிலோமீட்டர் தொலைவில் மணிக்கு 528.3 மைல் பறந்தது. 2017இல் 'வூடூ' என்னும் மஸ்டாங் 531.5 மைல் பறந்தது. இடையில் 28 ஆண்டுகள். முற்றிலும் எதிரான இரு வடிவமைப்புகள். வேறுபாடு மூன்றே மைல்! வேகத்தை வைத்து இவ்வழக்கைத் தீர்க்க முயல்வோர் இனியேனும் ஓயலாம்.

வேகம் தீர்க்காத வழக்கை எது தீர்க்கும்? 2011 செப்டம்பர் 16 அன்று 'கேலப்பிங் கோஸ்ட்' என்னும் மஸ்டாங் பார்வையாளர் பகுதியருகே விழுந்தது. விமானியோடு பதினொருவர் மாண்டனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அவ்விமானத்தில் இறக்கைகளைக் குறுக்கியிருந்தனர். வயிற்றிலிருந்த ரேடியேட்டரை நீக்கி, நீரைக் கொதிக்கவிட்டு வெப்பத்தைப் போக்கும் அமைப்பைப் பொருத்தியிருந்தனர். வீழ்த்தியவை இவையல்ல. வால்பகுதியில் விமானியின் கைச்சுமையைத் தணிக்கும் 'டிரிம் டேப்' எனும் சிறு தகடுகள் இரண்டு உண்டு. வலப்புறத் தகட்டை அசையாமல் இறுக்கிவிட்டிருந்தனர். இடப்புறத் தகட்டைப் பிடித்திருந்த பழைய பூட்டு நட்டுகள் தளர, அத்தகடு நடுங்கி முறிந்தது. விமானம் 17 ஜி விசையோடு மேலே எகிற, விமானி நினைவிழந்தார். பதிவுசெய்யப்படாத, சோதிக்கப்படாத பெருந்திருத்தங்களும் இதற்குத் துணைநின்றன என்று அமெரிக்க விசாரணை வாரியம் 2012இல் தீர்ப்புரைத்தது.

இது எவரும் எதிர்பாராததா? அன்று. 1998இல் இதே ரீனோவில், இதே வூடூவின் இடப்புறத் தகடு இவ்வாறே பிய்ந்தது. விமானி மயங்கினார், விமானம் தானாக மேலேறியதால் பிழைத்தார். பதின்மூன்று ஆண்டுகள் முன்னறிவிப்பு இருந்தது.

"பந்தயமெனில் ஆபத்து இல்லாமலா?" என்பர் சிலர். ஆபத்தை விமானி தானே ஏற்றார். இருக்கையில் அமர்ந்திருந்த பதின்மர் ஏற்கவில்லை. ரேடியல் அன்பர்களும் இதில் மகிழ வேண்டா. குற்றம் மெர்லினுடையதன்று, இழுவையைக் குறைப்பதும் குற்றமன்று. கணக்கும் குறிப்பும் சோதனையும் இன்றித் திருத்தியதே குற்றம். மூலபாடத்தைத் திருத்தும் பதிப்பாசிரியர் எதை, ஏன் திருத்தினார் என்று அடிக்குறிப்பு இடாவிடில் அவரை நாம் பதிப்பாசிரியர் என ஏற்பதில்லை. எண்பதாண்டுப் பழமையான விமானத்தை வெட்டுபவருக்கு மட்டும் அவ்விலக்கு எதற்கு?

ஆகவே வடிவமைப்புகளை ஒப்பிடப் புகுவோர் மூன்றைக் கேட்கட்டும். ஒவ்வொரு மாற்றமும் எழுதப்பட்டதா? பந்தய வேகத்தில், ஆளில்லா வெளியில் முன்னரே பறந்து சோதிக்கப்பட்டதா? ஒரு சிறு உறுப்பு முறிந்தால் விமானிக்கு மீள வழி உண்டா? இவற்றுக்கு விடை பெற்ற பின்னர், எது வேகமானது என்று பேசுவோம்.