உங்க பயிற்சி போதலை

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு மலையடிவாரக் குடிலில், பௌத்தத் தியானத்துக்காகப் பத்து நாள் தனியாக இருந்தேன். நான்காம் நாள் தூக்கம் போனது. ஆறாம் நாள் மடியில் கிடந்த கை யாருடையது என்றே தெரியவில்லை. சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறவரிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். ‘கவனியுங்கள், கடந்து போகும்’ என்று பதில் வந்தது. கடந்து போக இரண்டு மாதம் ஆனது. பிறகு போனில் கேட்டபோது பொறுப்பாளர் நிதானமாகச் சொன்னார்: “உங்க பயிற்சி போதலை.”

மென்பொருள்காரனுக்கு இது தெரிந்த பதில்தான். யாராவது பிழை என்று வந்தால் “என் மெஷின்ல நல்லாத்தானே ஓடுது” என்போம். நல்லது நடந்தால் முறைக்குப் பெருமை, கெட்டது நடந்தால் ஆளுக்குக் குறை. இந்தக் கணக்கில் முறை தோற்கவே தோற்காது. இதைத்தான் இன்று ‘மனசுக்கு ஒரு ரீஸ்டார்ட்’ என்று நமக்கு விற்கிறார்கள்.

பௌத்தம் இப்படிப் பேசியதே இல்லை. உதானத்தில் மேகியர் என்றொரு பிக்கு வருகிறார். ஆற்றங்கரை மாந்தோப்பைப் பார்த்ததும் தனியாகத் தியானம் செய்ய ஆசைப்படுகிறார். “இன்னொருவர் வரும்வரை பொறு” என்கிறார் புத்தர். கேட்காமல் போனவரைக் காமமும் பகையும் வன்மமும் மொய்க்கின்றன. திரும்பி வந்தவரிடம், பக்குவப்படாத மனதுக்கு முதல் தேவை நல்ல நட்பு என்கிறார் புத்தர். காட்டுக்குப் போகிறேன் என்ற உபாலியையும் சங்கத்தோடேயே இருக்கச் சொன்னார்.

வைசாலியில் நடந்தது இன்னும் கொடுமை. உடலின் அருவருப்பைத் தியானிக்கச் சொல்லிவிட்டு, புத்தர் அரை மாதம் தனிமைக்குப் போகிறார். திரும்பி வந்தால் சங்கம் மெலிந்திருக்கிறது. உடலை வெறுத்துப் பலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள் என்கிறார் ஆனந்தர். “அவர்கள் பயிற்சி போதவில்லை” என்று புத்தர் சொல்லவில்லை. மிச்சமிருந்தவர்களைக் கூட்டி, மூச்சைக் கவனிக்கும் வேறொரு முறையைக் கற்றுக்கொடுத்தார்.

பிறகு வந்தவர்களும் மறைக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஜப்பானில் ஹகுயின் தனக்கு வந்த ‘ஜென் நோயை’ எழுதியே வைத்தார். திபெத்தியர்கள் அதை ‘லுங்’, அதாவது காற்றுக் கோளாறு என்று வைத்தியம் பார்க்கிறார்கள். 2017இல் பிரௌன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மேற்கத்திய பௌத்தத் தியானிகளிடம் பேசி, இத்தகைய அனுபவங்களை 59 வகைகளாகப் பிரித்தார்கள். பயம், தூக்கமின்மை, ‘நான்’ கலைந்துபோவது எல்லாம் அதில் உண்டு. என் கையும் அங்கே எங்கேயோ இருக்கிறது.

“டென்சின் பால்மோ 12 வருஷம் குகையில இருந்தாங்களே?” என்பார்கள். இருந்தார், லாஹௌலில், 13,000 அடிக்கு மேல், 1976 முதல் 1988 வரை. ஆனால் அவர் 1964லேயே துறவியானவர். குகைக்கு முன் 12 வருடம் குருவின் வழிகாட்டலில் இருந்தார். முழுத் தனிமை கடைசி 3 வருடம்தான். இந்தக் கணக்கை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. போகும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். தூக்கம் போனால் யாரிடம் பேசுவது? எந்த அறிகுறி கண்டால் நிறுத்தச் சொல்வீர்கள்? வீட்டுக்குப் போன பிறகும் போனை எடுப்பீர்களா? இதற்குச் சிரிப்பே பதிலாக வந்தால், முன்பணம் போனாலும் பரவாயில்லை, பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.