ஆலயத்திற்குள் ஒரு சுவர்



தவக்காலம் வந்துவிட்டால் நம் பாடியிலும் அம்பத்தூரிலும் வெள்ளிக்கிழமைதோறும் சிலுவைப்பாதைக்குக் கூட்டம் நிரம்பி வழிகிறது. சுத்தபோசனம் காக்கிறோம், ஒருசந்தி இருக்கிறோம். நல்லதுதான். ஆனால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வராத வேலைக்கார அம்மாளுக்கு அதே வாரத்தில் சம்பளம் பிடித்தோமே, அது எந்தக் கணக்கில் சேரும்? எங்கள் வீட்டிலும் இது நடந்தது. அன்று நானும் வாய் திறக்கவில்லை.

இக்கேள்வி புதியதன்று. ஏறத்தாழ 2700 ஆண்டுகளுக்கு முன்பே இறைவாக்கினர்கள் இதைக் கேட்டார்கள்.

ஆமோஸ் படித்த குரு அல்லர். தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தவர், காட்டு அத்தி மரங்களைப் பேணியவர். இரண்டாம் எரொபவாம் ஆண்ட காலம் அது. இஸ்ரயேலில் செல்வம் கொழித்தது. பெத்தேல் ஆலயத்தில் பலிக்கும் பாட்டுக்கும் குறைவில்லை. ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி, கள்ளத் தராசில் நிறுத்து, பதரையும் கோதுமையென விற்கலாம் என்று வணிகர் காத்திருந்தனர். ஒரு சோடிச் செருப்பின் விலைக்கு ஏழை விற்கப்பட்டான். இத்தகையோரின் திருவிழாக்களை ஆண்டவர் வெறுக்கிறார் என்று ஆமோஸ் முழங்கினார். பெத்தேலின் குருவான அமட்சியாவோ அவரை ஊரை விட்டே போகச் சொன்னார்! எசாயா நூலும், நோன்பு நாளிலேயே வேலையாட்களை வாட்டுவோரைக் கண்டிக்கிறது. பசித்தவரோடு உணவைப் பகிர்வதே மெய்யான நோன்பு என்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். இவர்கள் கண்டித்தது பிற மதத்தாரை மட்டுமன்று. ஆலயத்தில் முன்வரிசையில் நின்ற தம் சொந்த மக்களையே!

அப்படியானால் நாமும் நம் திருச்சபையிலிருந்தே தொடங்க வேண்டுமன்றோ? நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊர் உண்டு. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதிக்கொரு பக்கம், நடுவே சுவர். பீடம் ஒன்று, அப்பம் ஒன்று. ஆனால் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது! சேசு சபைக் குரு கௌசானல் அடிகளின் காலத்தில், 1910-இல், அச்சுவர் இடிக்கப்பட்டது. உயர்ந்தோர் எனத் தம்மை எண்ணியோர் பிரிவினையை மீட்க வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் தோற்றனர்.

கல் சுவர் விழுந்தது, மனச்சுவர் விழுந்ததா? 2003-இல் தமிழக ஆயர்களிடம் பேசிய திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டை வன்மையாகக் கண்டித்தார். திருச்சபைக்குள்ளும் தீண்டாமை உண்டு என்பதை 2016-இல் இந்திய ஆயர் பேரவையே ஒப்புக்கொண்டது. குற்றத்தை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே மனமாற்றத்தின் முதற்படி. நாம் பாவசங்கீர்த்தனத்தில் கற்பதும் அதுவே.

சுவர்கள் ஆலயத்தில் மட்டுமா? வேலைக்கார அம்மாளுக்கென்று ஒதுக்கி வைத்த தனித் தம்ளரும் ஒரு சுவரே. கூலியைக் குறைத்துவிட்டு உண்டியலில் தாராளமாகப் போடுவதும் கள்ளத் தராசே.

தோழியரே! செபமும் நோன்பும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை மெய்யாக வேண்டும் என்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதைக்குப் புறப்படுமுன், நம் வீட்டு அடுக்களையை ஒருமுறை எட்டிப் பார்ப்போம். பிடித்த சம்பளத்தைத் திருப்பிக் கொடுப்போம். தனித் தம்ளரை எடுத்துவிடுவோம். பிறகு முழந்தாளிடுவோம். அச்செபத்தை ஆண்டவர் நிச்சயம் கேட்பார்!