"நூறு சதவீதம் உறுதி" என்று ஒரு குதிரையும் கிடையாது, கண்ணுகளா



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுக் கோபம் வந்தால் எனக்கே போன் செய்து திட்டுங்கள், பரவாயில்லை.

ஒரு வாரமாக நம் பழைய மாணவர் குழுவிலும் குடும்பக் குழுவிலும் ஒரே குதிரைக் கனைப்பு. வருகிற சனிக்கிழமை இங்கிலாந்தில், லிவர்பூல் பக்கம் எய்ன்ட்ரீ மைதானத்தில் கிராண்ட் நேஷனல். தடை தாண்டி ஓடும் குதிரைப் பந்தயம். அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளை ஒருவன் அன்றைய நாள் முழுவதற்கும் டிப்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறான். முதல் பந்தயத்துக்கு இது, மூன்றாவதுக்கு இது, நேஷனலுக்கு இது, "நூறு சதவீதம் உறுதி, கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க" என்று. கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். போன மாதம் செல்டன்ஹாம் பந்தயத்துக்கு அவன் சொன்னதை நம்பி, அங்கேயே இருக்கும் இன்னொரு பிள்ளை வீட்டு வாடகைப் பணத்தைப் போட்டு இழந்திருக்கிறான். யார் என்று சொல்ல மாட்டேன். அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அது போதும்.

"டீச்சருக்கு எதுக்குக் குதிரை?" என்று கேட்பீர்கள். எனக்குக் குதிரை வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேல் உங்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் கண் முன்னால் சதவீதத்தைக் கொலை செய்தால் நான் சும்மா இருக்க முடியாது.

முதலில் இது எப்படிப்பட்ட பந்தயம் என்று பாருங்கள். நாலே கால் மைலுக்குக் கொஞ்சம் அதிகமான தூரம், ஏறக்குறைய 7 கிலோமீட்டர். இரண்டு சுற்று, மொத்தம் 30 தடைகள். பெக்கர்ஸ் புரூக் என்ற தடையில் குதிரை எழும்பும் இடத்தைவிட இறங்கும் இடம் பள்ளம். தி சேர் என்ற தடை 5 அடிக்கு மேல் உயரம். முன்பு 40 குதிரைகள் வரை ஓடின. ஆபத்தைக் குறைக்க 2024 முதல் 34 ஆக்கிவிட்டார்கள். கிண்டியில் நம் ஊர்க்காரர்கள் பார்த்ததெல்லாம் சமதளப் பந்தயம். அதில் வேகம் ஒன்றுதான் பெரிய கேள்வி. இங்கே தாண்ட வேண்டும், விழாமல் இருக்க வேண்டும், முன்னால் விழுந்த குதிரை மேல் மோதாமலும் இருக்க வேண்டும்.

அதோடு இது ஹேண்டிகேப் பந்தயம். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைக்கும் சமமான வாய்ப்பு வர வேண்டும் என்பதற்காகவே எடையைக் கணக்குப் போட்டு வைக்கிற அதிகாரி ஒருவர் இருக்கிறார். யார் ஜெயிப்பார் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றே உருவாக்கிய பந்தயத்தில், எனக்குத் தெரியும் என்று ஒருவன் சொன்னால் என்ன அர்த்தம்?

வரலாறு கேளுங்கள். 1928இல் 42 குதிரைகள் ஓடி, முடித்தவை இரண்டே இரண்டு. 1956இல் ராஜமாதாவின் குதிரை டெவன் லாக், எல்லாரையும் முந்திக்கொண்டு, எல்லைக்குச் சில பத்து கஜம் இருக்கும்போது, தடையே இல்லாத இடத்தில் வயிறு தரையில் பட விழுந்தது. 1967இல் ஜாக்கியை இழந்து தனியாக ஓடிய ஒரு குதிரை 23ஆவது தடையில் குறுக்கே பாய்ந்தது. பின்னால் வந்தவை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று மோதி நின்றன. ரொம்பப் பின்னால் வந்துகொண்டிருந்த ஃபொயினாவன் சந்து கண்டுபிடித்துத் தாண்டி ஜெயித்தது. விலை 100/1. அதன் பயிற்சியாளரே அன்று எய்ன்ட்ரீயில் இல்லை, வேறு ஊர்ப் பந்தயத்துக்குப் போயிருந்தார்! வளர்த்தவருக்கே தெரியாதது வாட்ஸ்அப்காரனுக்குத் தெரியுமா?

உடனே ஒருவன் பதில் போடுவான்: "டீச்சர், 2023இல் அதிகம் பேர் எதிர்பார்த்த குதிரைதானே ஜெயித்தது?" உண்மைதான். கொராக் ராம்ப்ளர், விலை 8/1. அந்த விலைக்கு என்ன பொருள்? ஒரு பவுண்டு போட்டால் எட்டு லாபம். அதாவது ஒன்பதில் ஒரு பங்கு வாய்ப்பு, சுமார் 11 சதவீதம். ஊரே நம்பிய குதிரைக்குச் சந்தை கொடுத்த மதிப்பெண் நூற்றுக்குப் பதினொன்று! என் வகுப்பில் பதினொன்று வாங்கியவனை யாராவது "உறுதி" என்று சொல்லியிருக்கிறோமா? அதே கொராக் ராம்ப்ளர் 2024இல் திரும்ப வந்தது. முதல் தடையிலேயே ஜாக்கி கீழே.

இப்போது கணக்கு. ஒரு சின்னப் பந்தயம், நான்கே குதிரைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைகள் 6/4, 2/1, 3/1, 4/1. இவற்றை வாய்ப்பாக மாற்றினால் 40, 33.3, 25, 20 சதவீதம். கூட்டுங்கள். 118.3 வருகிறது. நூறுதானே வர வேண்டும்? அந்த 18.3 தான் கடைக்காரர் சோறு. இந்த நான்கு தொகையையும் அந்தந்தக் குதிரை மேல் பவுண்டாகப் போட்டுப் பாருங்கள். எது ஜெயித்தாலும் கைக்கு வருவது 100. போட்டதோ 118. நூறு போட்டால் ஏறக்குறைய 84 ரூபாய் 50 காசு. குதிரைகளின் எண்ணிக்கை கூடக் கூட இந்த மிச்சமும் பொதுவாகக் கூடும். நேஷனலில் 34 குதிரை.

அடுத்தது இன்னும் மோசம். நாலு பந்தயத்தில் நாலு குதிரை, நாலும் ஜெயித்தால் பெரிய தொகை. இதை அங்கே செல்லமாக "அக்கா" என்கிறார்கள். எந்த அக்காவும் தம்பி பாக்கெட்டில் இப்படிக் கை விட மாட்டாள். 0.845ஐ நாலு தடவை பெருக்குங்கள். 0.51. குதிரை ஓடுவதற்கு முன்னாலேயே கணக்குப்படி பாதி போய்விட்டது. நம் பிள்ளை போடுகிற டிப்ஸில் பாதி இந்த வகை என்பதைக் கவனித்தீர்களா?

"இது சூது இல்லை டீச்சர், திறமை. சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு" என்று போன வாரமே ஒருவன் வாதம் செய்தான். சொன்னது நிஜம். தமிழ்நாட்டு அரசு 1974இல் கொண்டுவந்த தடைச் சட்டம் பற்றிய வழக்கில், குதிரைப் பந்தயம் முக்கியமாகத் திறமை சார்ந்தது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. ஆனால் கண்ணு, திறமை இருக்கிறது என்பது வேறு, அது உன்னிடம் இருக்கிறது என்பது வேறு. எதிரே உட்கார்ந்து விலை வைக்கிறவனுக்கும் திறமை உண்டு, அவனுக்கு அதுவே முழுநேர வேலை. நிஜமாகவே திறமையால் தொடர்ந்து ஜெயிக்கிற ஆள் வந்தால், பல பெட்டிங் கம்பெனிகள் அவர் போடக்கூடிய தொகையைச் சில்லறைக் காசாகக் குறைத்துவிடும். உன் கணக்கை இன்னும் குறைக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று நீயே யோசி.

டிப்ஸ் போடுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே பத்திரிகையில் யோக்கியமாக எழுதுகிறவர்கள் உண்டு. நல்ல முன்னோட்டம் எப்படி இருக்கும்? மழை பெய்து தரை இளகியிருக்கிறதா, இந்தக் குதிரை இளகிய தரையில் ஓடியிருக்கிறதா, இவ்வளவு தூரம் தாங்குமா, தாண்டும்போது தடுமாறுகிற வழக்கம் உண்டா, எவ்வளவு எடை சுமக்கிறது, இந்த விலை அதற்குத் தகுமா என்று காரணம் சொல்லும். "இது தோற்பதற்கே வாய்ப்பு அதிகம், ஆனாலும் விலை நன்றாக இருக்கிறது" என்று ஒப்புக்கொள்ளும். அதைப் படிப்பது எனக்கே பிடிக்கும்.

ஆனால் இணைப்பை அனுப்பி, "இதுல போய்க் கணக்கு ஆரம்பிங்க" என்பது வேறு வகை. அப்படி ஆள் சேர்த்துவிடுகிறவர்களுக்குக் கமிஷன் உண்டு. சில ஒப்பந்தங்களில் சேர்த்துவிட்ட ஆள் இழக்கிற பணத்திலேயே பங்கு. நீ தோற்றால் அவனுக்கு வருமானம். நம் பிள்ளை அப்படிச் செய்கிறானா என்று நான் கேட்கவில்லை. அவனே குழுவில் சொல்லட்டும்.

இன்னொன்று. 2012இல் சின்க்ரனைஸ்டு என்ற குதிரை மார்ச்சில் செல்டன்ஹாம் தங்கக் கோப்பையை ஜெயித்தது. ஏப்ரலில் நேஷனலில் ஓடி, காலொடிந்து செத்துப்போனது. உயிருக்கே உத்தரவாதம் இல்லாத இடத்தில் உன் வாடகைப் பணத்துக்கு உத்தரவாதம் கொடுக்க யாருக்கு உரிமை?

பந்தயத்தைப் பார்க்காதே என்று நான் சொல்லவில்லை. 2021இல் ரேச்சல் பிளாக்மோர் என்ற பெண் முதன்முதலாக நேஷனலை ஜெயித்தபோது கை தட்டியவள்தான் நான். பார், ரசி. ஐந்து பவுண்டு போட்டே ஆக வேண்டும் என்றால் சினிமா டிக்கெட் மாதிரி நினைத்துப் போடு, திரும்ப வரும் என்று நினைக்காதே. அதற்கு மேல் கை நடுங்குகிறவர்களுக்கு அங்கே கேம்ஸ்டாப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பெயரைப் பதிந்தால் அந்த நாட்டு உரிமம் பெற்ற ஆன்லைன் பெட்டிங் எல்லாமே உன்னைத் தடுத்துவிடும். பதிந்துகொள்வது அவமானம் இல்லை.

டிப்ஸ் போடும் தம்பிக்கு ஒரு வீட்டுப்பாடம். இதுவரை சொன்ன எல்லாக் குதிரையையும், ஜெயித்தது மட்டுமல்ல, விழுந்தது, கடைசியில் வந்தது, பாதியில் நின்றது எல்லாவற்றையும் தேதி, விலை, போட்ட தொகையோடு ஒரு நோட்டில் எழுதி, அடியில் கூட்டல் போட்டு, வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் குழுவில் போடு. ஜெயித்த சீட்டின் ஸ்கிரீன்ஷாட் செல்லாது. கூட்டல் லாபத்தில் இருந்தால் இதே பக்கத்தில் உன்னைப் பாராட்டி எழுதுகிறேன். நோட்டு வராவிட்டால் சனிக்கிழமை காலையில் உன் டிப்ஸும் வரக்கூடாது.

மற்றவர்கள் கட்டைவிரலைக் கொஞ்சம் மடக்கி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்